இருபத்திரண்டு வயதில் ஓய்வு பெற்ற பாக்கியம்

புரியாத சொல்லைப் புரிந்தவன்போல் சொல்ல ஒரு பட்டம் இருந்தால் போதும். என்னிடம் பி.காம். இருந்தது.

எழுபதுகளின் கடைசியில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து இடுக்கி மலைக்குப் போய் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காகச் சேர்ந்தேன். தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்தது. இனி தொழிலாளர் விவரமெல்லாம் அதில்தான் என்று பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். மாஸ்டர் ரெக்கார்டு, கோடு, அப்டேட் என்று என்னென்னவோ சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். (மதியச் சாப்பாடு மட்டும் தெளிவாகப் புரிந்தது.)

திரும்பியதும் ஹெட் கிளார்க் கேட்டார். "மாஸ்டர் ரெக்கார்டுன்னா என்ன தம்பி?"

"எல்லா ரெக்கார்டுக்கும் மேல இருக்கிற ரெக்கார்டுங்க சார்."

"அடேயப்பா!" என்றார். அன்றிலிருந்து நான்தான் எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் மேதை.

எங்கள் எஸ்டேட்டில் தாய் வேலையிலிருந்து நின்றுவிட்டால் மகளுக்கு வேலை. தாயின் தொழிலாளர் நம்பரும், நம்பரோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் மகளுக்கே. செல்லம்மா இழுப்பு நோயால் நின்றபோது மகள் பாக்கியம் கொழுந்து கிள்ள வந்தாள். "நம்பர் அதே, பெயரை மட்டும் மாற்றவும்" என்று எழுதி அனுப்பினேன். அப்டேட் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்தேன். தாயின் பிறந்த தேதியும் அந்த நம்பருக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருடம், பாக்கியத்துக்கு ஐம்பத்தெட்டு நிறைந்துவிட்டதென்று கம்ப்யூட்டர் ஓய்வு கொடுத்தது.

கைக்குழந்தையோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். "எனக்கு அம்பத்தெட்டுன்னா எங்காத்தாளுக்கு என்ன வயசு சார்? நூறா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "ஏ கிழவி, புள்ளைய எறக்கி விடுடி, இடுப்பு புடிச்சுக்கும்!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே எனக்குப் பட்டது. "மெஷின் தப்புப் பண்ணாதும்மா," என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப வீடு போயிருமா சார்?"

"மேல எழுதறேன்," என்றேன். எழுதவில்லை. எழுதினால், பயிற்சியில் நான் கிழித்தது வெளியே தெரியும். மேனேஜர் கேட்டபோதும் மெஷின் பக்கமே நின்றேன்.

லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மூச்சு இழுக்கும் செல்லம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பாக்கியம் போடி பஸ் ஏறியதை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு தலைமை அலுவலகத்து ஆள் வந்து, "பிறந்த தேதியை மாத்தலையா?" என்று சாதாரணமாகக் கேட்டார். உடனே சரிசெய்தும் கொடுத்தார். அதற்குள் அந்த வீட்டில் வேறு குடும்பம் உலை வைத்திருந்தது. போடிக்கு ஆள் அனுப்பினோம். அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் பேத்தி இப்போது கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். நான் கண்ணாடியைத் தொலைத்தால்கூட, "ஏனுங்க, மெஷின் தப்புப் பண்ணாதுங்க!" என்கிறாள் என் மனைவி. வீடே சிரிக்கிறது. ஐம்பத்தெட்டு வயதுக் குமரியின் கதையை நானே பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

பஸ் ஏறிய இடத்துக்கு முன்பே கதையை முடித்துவிடுவேன்.