அபூ நிம்ரிடமிருந்து விடுதலை

சைதா,
மீன் சந்தை முக்கு.

என் உயிருக்கு உயிரான மருமகன் ஹைத்தமுக்கு, உன் தாய்மாமன் முனீப் ஆயிரம் சலாமும் அதற்கு மேல் துஆவும் சொல்லி எழுதிக்கொள்வது. நலம். நீயும் உன் மனைவி மக்களும் அந்த மெல்போர்னில் நோய்நொடியில்லாமல் இருக்க அல்லாஹ் அருள்வானாக. உன் அம்மா நலம். அவள் முழங்கால் மட்டும் அவ்வளவு நலமில்லை, அது எப்போதும் உள்ளதுதான். என் போனில் சார்ஜ் இல்லை, சார்ஜ் போட என் வீட்டில் கரண்ட் இல்லை, கரண்ட் ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் பக்கத்து வீட்டு உம்மு ஷுக்ரியின் மகன் நாளை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய குரல்செய்தியை நானும் உன் அம்மாவும் சேர்ந்துதான் கேட்டோம். "மாமா, ஜெனரேட்டர்காரன் இன்னொரு தடவை ரேட்டை ஏத்தினான்னா கோடை முடியறதுக்குள்ள நான் வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். லிஃப்ட் ஓடாம அஞ்சு மாடி ஏறி இறங்கி அவங்க படற பாட்டை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது" என்றாய். அதோடு விட்டாயா? "ஏன் ஒரே ஆளைக் கட்டிக்கிட்டு அழறீங்க? சப்ளையரை மாத்துங்க. இங்க ஒரு போன் போட்டா வேலை முடிஞ்சுது" என்று யோசனை வேறு சொன்னாய். மருமகனே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா போய்விட்டால் எனக்கு நாதியில்லை. நான் கல்யாணம் காட்சி என்று எதையும் பார்க்காதவன். நான்காம் மாடியில் படுக்கிறேனே தவிர, மூன்று வேளையும் ஐந்தாம் மாடியில் உன் அம்மா விதாத் கையால்தான் சாப்பிடுகிறேன். அவளைப் போல் கூசா என்கிற குட்டிச் சுரைக்காயைக் குடைந்து அரிசியும் கறியும் அடைக்க இந்த ஊரில் இன்னொருத்தி பிறக்கவில்லை. ஆகவே, சப்ளையரை மாற்றியே தீருவது என்று சபதம் எடுத்தேன்.

அபூ நிம்ரை உனக்கு நினைவிருக்கும். நீ ஊரில் இருந்தபோது முக்கில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தானே, அவனேதான். இன்று அவன் ஜெனரேட்டர் புகைவிட்டால் தெருவுக்குப் பகல், நிறுத்தினால் இரவு. அரசாங்க கரண்ட் வருவதும் போவதும் தூரத்து உறவினர் வருகை மாதிரி, அதை யார் நம்புகிறார்கள்? டீசல் விலை ஏறினால் இவன் சந்தாவை ஏற்றுவான். இறங்கினால், "நான் வாங்கினப்ப ஏறியிருந்துச்சே" என்பான். டாலர் ஏறினாலும் ஏற்றுவான், பெருநாள் வந்தாலும் ஏற்றுவான். போன மாதம் எதற்கு ஏற்றினான் என்று கேட்டேன், மனசு சரியில்லை என்கிறான்! பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அவனைத் தட்டிக் கேட்க ஆளில்லை, அதுதான் விஷயம். இவ்வளவு வாங்கிக்கொண்டு தருவது ஐந்து ஆம்பியர். துணி துவைக்கிற மெஷின் ஓடும்போது ஒரு காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தால் டப்பென்று ஃபியூஸ் விழும். உன் அம்மா "யா அல்லாஹ்" என்பாள், நான் வாசலில் போய் அதைத் தூக்கிவிடுவேன். இதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

எதிர்த்தெரு ஜெனரேட்டர் ரஃபாத்துடையது. அவனிடம் போய், ஐயா, உங்கள் சந்தாதாரர் ஆக விரும்புகிறேன் என்றேன். எந்த வியாபாரியும் மகிழ்ந்துபோவான் இல்லையா? அவன் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினான். தெருவின் நடுக்கோடுதான் எல்லையாம், அந்தப் பக்கம் அபூ நிம்ர், இந்தப் பக்கம் அவன். எல்லை தாண்டிக் கம்பி இழுத்தால் கலவரமாம். சரி, விலையாவது குறைவா என்றால் அதுவும் இல்லை. இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை தோறும் ஒரே தட்டில் மீன் சாப்பிட்டுக்கொண்டுதான் விலையை முடிவு செய்கிறார்களாம். ஆனால் நான் விடுவேனா? ஓடாத இரயிலுக்குக் காலமெல்லாம் கால அட்டவணை எழுதி ஓய்வு பெற்றவன் நான், பொறுமையில் என்னை மிஞ்ச முடியாது. நம் கட்டடம் முக்குக் கட்டடம். வாசல் அபூ நிம்ர் தெருவில் இருந்தாலும், உன் அம்மாவின் சமையலறை பால்கனி ரஃபாத்தின் சந்துக்கு மேலேதானே தொங்குகிறது? சமையலறை உன் நாடு, வரவேற்பறை அவன் நாடு என்று ரஃபாத்துக்கு விளக்கினேன். அரை மனதோடு முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பினான். அவன் சந்திலிருந்து கம்பியை வீச, அது துணிக்கொடியில் சிக்கி, உன் அம்மாவின் இரவு உடுப்பு ஒன்று மீன் சந்தைக்கு மேல் கொடி மாதிரி பறந்து, கடைசியில் கம்பி உள்ளே வந்து சேர்ந்தது.

அரை நாளில் சேதி அபூ நிம்ருக்குப் போய்விட்டது. ஆளை விட்டுக் கம்பியை அறுப்பான் என்று நான் பால்கனியில் மாவு உருட்டுகிற கட்டையோடு காத்திருந்தேன். அவனே வந்தான். லிஃப்டுக்கும் அவன் கரண்ட்தான், ஆனாலும் ஐந்து மாடி ஏறி, இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு பெட்டி சன்யூரா பிஸ்கட்டோடு வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தான். நான் சந்தாதாரர் உரிமை பற்றி நீ சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. "உம்மு ஹைத்தம், உங்க ஃபிரிட்ஜ் இன்னும் அந்த மாதிரி சத்தம் போடுதா?" என்று உன் அம்மாவைக் கேட்டான். போடுகிறது என்றாள். மறுநாள் வந்து சரிசெய்தான். அதற்கு மறுநாள் ஃபியூஸைப் பார்க்க வந்தான். அதற்கப்புறம், சரிசெய்த ஃபிரிட்ஜ் சத்தம் போடாமல் இருக்கிறதா என்று பார்க்க வந்தான். ஹைத்தம், நீ சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை! போட்டி என்று ஒன்று வந்துவிட்டால் சப்ளையர் எப்படிக் குழைகிறான் பார்த்தாயா?

அதன் பிறகு நடந்ததைக் கேள். இந்த மாதம் உன் அம்மாவுக்குப் பில்லே வரவில்லை. மத்தியானம் இயந்திரத்துக்கு ஓய்வு என்று தெரு முழுவதையும் அணைக்கிறானே, அப்போதும் அவள் வீட்டு மின்விசிறி சுற்றுகிறது. அவள் படி இறங்கும் நேரம் எப்படித்தான் தெரியுமோ, லிஃப்ட் வந்து நிற்கிறது. உம்மு ஷுக்ரி ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டு, "முனீப் அண்ணே, உங்க மேல்வீட்டுல மட்டும் ஒரே வெளிச்சமா இருக்கே" என்றாள். பொறாமைப்படாதே, நீயும் துணிந்து சப்ளையரை மாற்று என்று புத்தி சொன்னேன். ஆனால் பழி வாங்காமல் விடுவானா அந்தப் படுபாவி? கலகத்தைக் கிளப்பியவன் நான் என்று தெரிந்து என் வீட்டுக் கம்பியை மட்டும் அறுத்துவிட்டான். ஒரு வாரமாக மெழுகுவர்த்திதான். அவன் கரண்டில் போன் சார்ஜ் போட மேலே போகவும் என் மானம் இடம் தரவில்லை. ரஃபாத்தும் போன வியாழக்கிழமை வந்து தன் கம்பியைச் சுருட்டிக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "குடும்ப விஷயத்துல நான் தலையிட விரும்பல சார்" என்று ஓடிவிட்டான். அவனும் அபூ நிம்ரும் தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்!

எப்படியோ, நீ கேட்டது நடந்துவிட்டது. உன் அம்மாவுக்கு வெளிச்சம் உண்டு, லிஃப்ட் உண்டு, பில் இல்லை. நான் இருட்டில் கிடந்தால் என்ன, அவள் இங்கேயே இருந்தால் போதும். ஆகவே அவளை அழைத்துப் போகிற பேச்சை விட்டுவிடு. அபூ நிம்ர் என்கிற அந்த அட்டைப்பூச்சி, பஞ்சர்க்காரப் பயல், தெருவின் இரத்தத்தைக் குடிக்கிற அயோக்கியன் இன்று என் தங்கையின் காலடியில் கிடக்கிறான். எல்லாம் உன் யோசனையின் பலன். உன் கை பொன்னாகட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட அறிவாளிகளாகட்டும். உன் மனைவிக்கு என் சலாம், குழந்தைகளின் நெற்றியில் முத்தம்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் மாமா,
முனீப்.

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் உன் அம்மா ஏதாவது எழுதச் சொல்கிறாளா என்று கேட்க மேலே போனேன். அபூ நிம்ர் உன் காலஞ்சென்ற வாப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் நிறையக் கூசாவைக் குடைந்துகொண்டிருந்தார். உன் அம்மா என்னைப் பார்த்து, "அண்ணே, ஹைத்தம் சப்ளையரை மாத்தச் சொன்னான். நான் மாத்தல, வீட்டோட மாப்பிள்ளையாக்கிக்கப் போறேன். இந்த வயசுல ஆஸ்திரேலியாவுக்குப் போய் யார்கிட்ட நான் பேசுவேன்? நீதான் அவனுக்குப் பக்குவமா எழுதணும்" என்றாள். நான் அழுதுவிட்டேன், மருமகனே. சந்தோஷமா துக்கமா என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் அவள் எங்கும் போகவில்லை, ஐந்தாம் மாடியில்தான் இருக்கப்போகிறாள். நீ சம்மதம் சொன்னவுடன் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்துவிடலாம் என்கிறார்கள். கோடை முடியுமுன் நீ சொன்னபடியே வா, திரும்பிப் போக உனக்கு மட்டும் டிக்கெட் எடு. மேலே 'அவன்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'அவர்' என்று படி, அட்டைப்பூச்சி வருகிற வரியை மை போட்டு அடித்துவிடு, புது வாப்பா கண்ணில் பட்டுவிடப் போகிறது. மைத்துனன் என்ற முறைக்கு என் கம்பியை உடனே சேர்த்து, ஐந்துக்குப் பத்து ஆம்பியராகவும் ஆக்கிவிட்டார், தங்கமான மனிதர். இதை மின்விளக்கு வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். சற்றுமுன் உம்மு ஷுக்ரி கதவைத் தட்டி, அடுத்த மாதம் சந்தா மறுபடி ஏறுகிறதாமே, கல்யாணச் செலவா என்று கேட்டாள். டீசல் விற்கிற விலைக்கு வேறென்ன செய்வார் பாவம், கட்டுப்படியாகவில்லை என்றால் சப்ளையரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.