செத்த மாட்டின் வாயில் வைக்கோல்

"மாடு செத்ததுக்கு இன்னா ப்ரூஃப்?" என்று கேட்டார் மாட்டாஸ்பத்திரி கிளார்க் சரவணகுமார்.

"ஏரி ஒடைஞ்சு தண்ணியில போயிடுச்சு சார்," என்றான் தேசப்பன்.

"தண்ணியில போனா, போனதுதான். செத்துதுன்னு எப்டி எழுதறது? மாடு செத்துக் கெடக்கணும், பக்கத்துல நீ நிக்கணும். போட்டோ எடுத்துக்கினு வா."

தேசப்பனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அந்த ஒற்றைப் பசுவின் பாலில்தான் மகள் பூமிகாவின் நர்சிங் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நிவாரணம் வந்தால் இன்னொரு மாடு வாங்கலாம். வராவிட்டால் அவளும் கம்பெனி கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

மாட்டைத் தேடாமல் இல்லை. பக்கத்து வீட்டுத் துளசிராமனும் கூடவே வந்தார். போன வருஷம் அந்தப் பசுவை இவனுக்கு விற்றவரே அவர்தான். "நீ வடக்கால தேடு, நான் தெக்குக் கால்வாயப் பாக்கறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். சாயங்காலம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினார். அப்படி ஒரு தங்கமான மனுஷன்.

இப்போதும் அவர்தான் கை கொடுத்தார்.

"பேஜாராவாத தேசப்பா. என் மாட்டப் படுக்க வெச்சு எடுத்துக்க. காதுல குத்தின நம்பர் வில்லை மட்டும் தெரியக் கூடாது."

"உசுரோட கீற மாட்டையா?" என்றாள் செல்வி, தேசப்பனின் மனைவி.

"அதுக்கு இன்னா தெரியப் போவுது?"

மாட்டுக்குத் தெரிந்திருந்தது. செத்த மாதிரி படுக்க அது ஒப்புக்கொள்ளவே இல்லை. வைக்கோலைக் காட்டினார்கள், படுத்தது. தலையைச் சாய்க்கவில்லை. செல்வி கழுத்தைச் சொறிந்துவிட, சொகுசாகச் சாய்ந்து கண்ணை மூடியது. தேசப்பன் பக்கத்தில் நின்று அழுதான். அந்தப் படத்தில் அழுகை மட்டும்தான் நிஜம்.

மறுநாள் சரவணகுமார் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"செத்த மாட்டு வாயில இன்னாய்யா வைக்கோலு?"

"அது... கடைசியாத் தின்னது சார்."

"அப்போ தண்ணியில போவல?"

"தண்ணி வடிஞ்சப்புறம்... ஒடம்பு சரியில்லாம..."

"நோவுல செத்தா நிவாரணம் கெடையாது. வெள்ளத்துல செத்துதுன்னு மனு குடுத்துகீற. பொய் மனு! கேஸ் போட்டா உள்ள போவ, தெரியுமா?"

தேசப்பன், மாடு போனது சத்தியம், போட்டோதான் பொய் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நிஜத்தை மட்டும் கொண்டுவந்த அன்று துரத்திவிட்டவர், இன்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"போன மாட்டோட வில்லை நம்பராவது தெரியுமா?"

நல்லவேளை, பால் சொசைட்டி நோட்டில் செல்வி எழுதி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மோனிகா நம்பரைத் தட்டினாள்.

"மாடு துளசிராமன் பேர்ல கீது."

"அவராண்டதாம்மா வாங்கினேன். பேர் மாத்தல. மாட்டுக்கு யாரும்மா பேர் மாத்தறாங்க?"

மோனிகா திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதுக்குப் போன வாரமே பணம் ஏறிடுச்சேண்ணா. போட்டோகூட நல்லா கீது பாருங்க. தெக்குக் கால்வாயில மாடு செத்துக் கெடக்குது, பக்கத்துல துளசிராமன் அழுதுக்கினு நிக்கிறாரு."