மாப்பிள்ளை ஏறிய கூரை

மூன்றாவது சொட்டும் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியின் முதுகிலேயே விழுந்தபோது, காளியண்ணன் கூரையைப் பார்க்கவில்லை. வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த சின்னராசுவைப் பார்த்தார்.

ஐப்பசிக் காற்று முந்தின நாள் கூரை முகட்டிலிருந்து ஒரு பிடி புல்லைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஒரே ஒரு பிடிதான். ஆனால் சும்மா கிடைத்த ஆளைச் சும்மா வைத்திருப்பது காளியண்ணனுக்கு ஆகாத காரியம்.

சின்னராசு கிடைத்த கதை இது. மலையில் பெண் கேட்கிறவன் பெண்ணைப் பெற்றவருக்குப் பரியம் கொடுக்க வேண்டும். வழியில்லாதவன் அந்த வீட்டிலேயே தங்கி உழைத்துக் கழிக்கலாம். அதே மலையில் தள்ளியிருந்த குண்டனி நாட்டிலிருந்து தன்னந்தனியாக வந்து, காளியண்ணனின் மகள் பாப்பாத்தியைக் கேட்டவனிடம் அவர் மூன்று வருஷம் என்று பேசி முடித்தார். அன்றைக்கு அவனுடைய புஜத்தை அமுக்கிப் பார்த்தார்; வேளைக்கு எத்தனை உருண்டை களி தின்பான் என்று விசாரித்தார்; சுமையோடு மலையேறினால் மூச்சு வாங்குமா என்றார். சந்தையில் மாடு பிடிக்கிறவர் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

அவன் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஏறி அந்த ஓட்டையை அடைச்சுப் போடு, மாப்பிள்ளை."

"ஆகட்டுங்க மாமா."

பாப்பாத்தி கீழே நின்று புல் எடுத்துக் கொடுக்க, சின்னராசு அரை நாள் மேலே இருந்தான். அடுத்த மழையில் கோழி நனையவில்லை. அடுப்பு நனைந்தது.

காளியண்ணனின் மனைவி சென்னம்மாள் புகைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். "ஏனுங்க, அடைக்கச் சொன்ன ஓட்டையை அப்படியே தூக்கியாந்து என்ற அடுப்பு மேல வெச்சுட்டாருங்க உங்க மாப்பிள்ளை."

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "தப்பு என்னுதுங்க மாமா. மூணு வருசத்தோட இன்னொரு வருசம் சேத்திக்கங்க."

காளியண்ணன் மனசுக்குள் தராசைப் பிடித்தார். ஒரு தட்டில் நனைந்த அடுப்பு. மறு தட்டில் ஒரு வருஷத்து உழவு, களையெடுப்பு, சந்தைச் சுமை. அடுப்பு அந்தரத்தில் நின்றது. "சரி, உடு மாப்பிள்ளை. மனுசன்னா தப்பு வர்றதுதான்" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, திரும்பவும் ஏறச் சொன்னார்.

இந்தத் தடவை அடுப்பு காய்ந்தது. ஒழுக்கு காளியண்ணன் படுக்கிற இடத்துக்கு, ஏறக்குறைய அவருடைய தொப்புளுக்கு நேராக வந்து சேர்ந்தது. பாயை வடக்கே இழுத்தார். அங்கே ஒன்று காத்திருந்தது. தெற்கே இழுத்தார், அங்கே இரண்டு. கடைசியில் உட்கார்ந்தே தூங்கினார். சின்னராசு மனம் உடைந்து இன்னொரு வருஷத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். ஆகமொத்தம் ஐந்து. காளியண்ணனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் தும்மல் வந்துகொண்டிருந்தது.

இனிமேல் புல்லை நம்புவதில்லை என்று முடிவு செய்து, பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கினார். யுத்தத்தால் சேலத்திலேயே தகரம் கிடைக்காத சமயம். மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி விரித்து வைத்திருந்த வியாபாரி ஒருவனோடு காலையிலிருந்து உச்சி வரைக்கும் பேரம் பேசினார். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போய், இரண்டு தடவையும் தானே திரும்பி வந்து, மிளகைக் கொடுத்துத் தகரத்தை வாங்கினார். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைமேல் அதைத் தலையில் சுமந்து வந்தவன் சின்னராசு. மூச்சே வாங்கவில்லை.

தகரத்தை முகட்டில் பரப்பி, வரிச்சுக் கம்புகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, மேலே கல்லும் வைத்தான். ஊரே வந்து பார்த்தது. மலையில் யாருக்கும் இல்லாத கூரை என்று காளியண்ணன் இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று வந்தது. தகரம் முதலில் முனகியது. பிறகு எழுந்து உட்கார்ந்தது. பிறகு கட்டிய வரிச்சையும் கால்வாசிக் கூரையையும் கையோடு கூட்டிக்கொண்டு பறந்து, ஊர்க்கவுண்டருடைய வாழைத்தோப்பில் இறங்கியது. வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்தால் மேகம் தெரிந்தது. மேகத்துக்கு நேர் கீழே சாமைக் குதிர் இருந்தது.

வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய சாமை. நாலு நாள் மழை நனைத்த பிறகு சென்னம்மாள் குதிருக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினாள். மேல்சாமையெல்லாம் பச்சையாக முளை விட்டிருந்தது. இன்னும் கார்த்திகை மழை பாக்கி.

சின்னராசு காளியண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டான். "இந்தப் பாவத்தை எங்க போயித் தீப்பேனுங்க மாமா? ஆயுசுக்கும் இங்கயே இருந்து உங்க கூரையை நானே பாத்துக்கறேனுங்க."

காளியண்ணன் அண்ணாந்து, மிச்சமிருந்த கூரையைப் பார்த்தார்.

அவர் வாழ்நாளில் முதல் தடவையாகக் கீழ்நோக்கிப் பேரம் பேசினார். ஐந்து வேண்டாம், மூன்றே போதும் என்றார். சின்னராசு ஒப்பவில்லை, மனசாட்சி உறுத்துகிறது என்றான். ஒரு வருஷம் என்றார். அதற்குள் இன்னொரு முறை ஏறிப் பார்த்துவிடுகிறேன் என்று அவன் எழுந்தான். காளியண்ணன் அவன் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வருசமும் வேண்டாம், பரியமும் வேண்டாம், சாமி. வர்ற புதன்கிழமை தாலியைக் கட்டி உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு."

"வாக்கு மாறுனா ஊரு பேசுமுங்களே, மாமா."

"ரெண்டு வெள்ளாடும் ஓட்டிட்டுப் போ."

சின்னராசு நெடுநேரம் யோசித்தான். பெரியவர்கள் இவ்வளவு சொன்ன பிறகு தட்டுவது மரியாதையில்லை என்று, வருத்தத்தோடு சம்மதித்தான். பாப்பாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பெண் அழுகிறாள் என்று சென்னம்மாள் தேற்றினாள்.

புதன்கிழமை கல்யாணம் முடிந்தது. வியாழக்கிழமை மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடுகளும் போன திசையைப் பார்த்துக் காளியண்ணன் ஒரு பெரிய மூச்சு விட்டார். கையோடு பக்கத்து வீட்டுக் கருப்பண்ணனைக் கூப்பிட்டார். கூலி கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், இனி கூரை தெரிந்த ஆள்தான் ஏற வேண்டும். காற்று அதிகம் அடிக்கிற குண்டனி நாட்டில் நல்ல கூரைக்காரர்கள் இருப்பதாகக் கருப்பண்ணன் கேள்விப்பட்டிருந்தான்.

"இருக்கறதுலயே நல்ல ஆளாக் கூட்டியா. ஆனா நம்ம மாப்பிள்ளை காதுல மட்டும் உழுந்தறப் போகுது. ஒத்தாசைக்குன்னு அவனும் கிளம்பிருவான்."

மூன்று நாள் கழித்துக் கருப்பண்ணன் தனியாகத் திரும்பி வந்தான். ஆள் அகப்படவில்லையா என்று காளியண்ணன் கேட்டார்.

"அகப்பட்டாருங்கண்ணா. எந்த ஊட்டுல கேட்டாலும் அந்த ஒரு ஆளைத்தான் கை காட்டுனாங்க. தேடிப் போனா, ஒரு முகட்டு மேல உக்காந்து கூரை மேஞ்சுக்கிட்டு இருந்தாருங்க, நம்ம மாப்பிள்ளை."