மாலதி குழுவிலிருந்து விலகினார்

கைபேசி நட்பைக் கெடுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், அப்போது நான் சண்டைக்கே போயிருப்பேன். மாலதி, ஷமீம், நான் மூவரும் ஒன்றாகப் படித்தவர்கள். மாதம் ஒருமுறை ஜார்ஜ் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். கூடியதும் ஒற்றுமையாகத் தலைகுனிந்து அவரவர் கைபேசியைப் பார்ப்போம். ஷமீம் பூனை வீடியோ அனுப்புவாள்; எதிரே உட்கார்ந்தபடி நான் சிரிப்புப் பொம்மை அனுப்புவேன். (வாயால் சிரித்தால் ரொட்டி சானாய் புரையேறும் அல்லவா?)

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலதி சொன்னாள்: "ஆபீஸ்ல என்னத் தூக்கிட்டாங்கடி."

காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. தூக்கிவிட்டார்கள் என்றால் மேலேதானே?

"சூப்பர்லா! எப்ப பெலாஞ்சா?" என்றேன் திரையைப் பார்த்தபடி. (ஓசி விருந்து கேட்பதில் மட்டும் நான் தாமதித்ததே இல்லை.)

ஷமீமும் நிமிரவில்லை. "இது எப்பவோ நடந்திருக்கணும்லா. நீ பாக்குற வேலைக்கு இதுதான் சரி!"

மாலதி ஆனந்தத்தில் வாயடைத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, கைபேசியை நீட்டி மூவரையும் படமெடுத்தேன். படத்தில் அவள் கண்கள் பளபளத்தன. நல்ல வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். 'எங்கள் மாலதிக்குப் பதவி உயர்வு!' என்று எழுதி ஊருக்கே பரப்பினேன். வாழ்த்துகள் குவிந்தன. அவளுடைய மேனேஜர்கூட இதயம் போட்டார். (வேலையை விட்டு நீக்கியதே அவர்தானாம்.)

அப்போது எங்கள் மூவரின் கைபேசிக் குழுவில் ஒரு வரி வந்தது: 'மாலதி விலகினார்.'

"ஏன்டி விலகுன?" என்று கேட்டபடி நிமிர்ந்தேன். நாற்காலி காலி.

ஷமீம் மெதுவாகச் சொன்னாள்: "தூக்கிட்டாங்கன்னா... வேலைய விட்டாடி?"

ஓடினோம். படகுத்துறையில் அவளைப் பிடித்தோம். பழக்க தோஷத்தில் கைபேசியை எடுத்து 'ஸாரிடி' என்று தட்டிக் குழுவுக்கு அனுப்பினேன். அவள்தான் குழுவில் இல்லையே! ஷமீமின் கைபேசி மட்டும் 'டிங்' என்றது.

அழுதுகொண்டிருந்தவள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "கொடுங்க ரெண்டையும்" என்று எங்கள் கைபேசிகளைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். படகு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய்ச் சேரும்வரை அவள் பேசினாள், நாங்கள் கேட்டோம்.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றாள். (அவள் அம்மா என் பதிவைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே கேசரி கிண்டத் தொடங்கியிருந்தார்.)

மாலதிக்கு இப்போது வேறு நல்ல வேலை. என் கல்யாணத்தன்று அவள் இந்தக் கதையை ஒன்றுவிடாமல் என் கணவரிடம் ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து, சோபாவில் என்னை உரசி உட்கார்ந்துகொண்டே அவர் செய்தி அனுப்புகிறார்: 'பேசப் போகிறேன். நிமிர்ந்து பார்க்கவும்.'