கடைவாய்ப் பல்லில் எலி

மஹய்யாவ மேட்டில் ஒரு சாமி வந்து இறங்கியிருக்கிறார் என்ற செய்தி கண்டி முழுக்க ஓடியது. அப்போதுதான் கண்டிக்கு ரயிலும் வந்திருந்தது. ரயிலைப் பார்க்கப் போன கூட்டத்தைவிடச் சாமியைப் பார்க்கப் போன கூட்டம் பெரிது. ரயில் வலியைத் தீர்க்காதே!

சாதாரண சாமி இல்லை. முன்னால் போய் உட்கார்ந்தால் போதும், நீங்கள் வாயே திறக்க வேண்டாம். எங்கே நோகிறது, எப்படி நோகிறது, எந்த நேரத்தில் நோகிறது, எல்லாவற்றையும் அவரே புட்டுப் புட்டு வைப்பார். பெயரே நோவறி சாமி.

கோப்பித் தோட்டங்களில் வலிக்கா பஞ்சம்? மூட்டை தூக்கிய முதுகு, மழையில் ஊறிய பாதம், குளிரில் விறைத்த முட்டி என்று ஆளுக்கொன்று கைவசம் இருந்தது. திகனப் பக்கமிருந்து வந்தார்கள், பேராதனையிலிருந்து வந்தார்கள், பெயர் தெரியாத மலைகளிலிருந்தெல்லாம் நொண்டி நொண்டி வந்தார்கள். முழங்கால் வலிக்காரர்களை நம்பி மேட்டின் உச்சியில் கடை விரித்த சாமியின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

சாமி காசைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு சுத்தம். அவர் விபூதி போட்டதும் உங்கள் வலி நீங்கள் போர்த்தியிருக்கும் கம்பளிக்குள் இறங்கிவிடும். வலி இறங்கிய கம்பளியை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோவார்களா? அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். மழைக்கும் குளிருக்கும் தோட்டத்து ஆளுக்கு இருந்த ஒரே துணை அந்தக் கம்பளி. போனால் போகட்டும், வலி போகிறதே!

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதற்கப்புறம் அந்த வலியைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. பேசினால் திரும்ப ஏறிக்கொள்ளும். ஆகவே வலி திரும்பிவிட்டதென்றால், நீங்கள்தான் எங்கேயோ வாயைத் திறந்திருக்கிறீர்கள். திறக்கவில்லையா? மனசுக்குள்ளாவது முனகியிருப்பீர்கள். சாமியின் மேல் ஒரு குற்றமும் வராத வைத்தியம். இதையல்லவா வைத்தியம் என்பது!

ராஜலிங்கம் ஊராருக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவர். அரசாங்கக் கச்சேரி வாசல் மரத்தடியில் மூன்று மேசைகள் வரிசையாக இருந்தன. ஒன்று அவருடையது. அடுத்தது வீரய்யாவுடையது. கடைசி மேசை முனாப் நானாவுடையது. ராஜலிங்கத்துக்கு ஒற்றைத் தலைவலி, வீரய்யாவுக்கு வயிற்றுவலி, முனாப் நானாவுக்கு முதுகு. மூன்றும் வருஷக்கணக்காகக் கூடவே குடித்தனம் நடத்துகிற வலிகள். ஊர்க்குறையெல்லாம் எழுதித் தள்ளும் இந்த மூன்று பேரும் தங்கள் குறையை எந்தத் துரைக்கு எழுதுவது? அதனால் ஒருவருக்கொருவர் வாயால் எழுதிக்கொண்டார்கள்.

அதிலும் போட்டிதான்.

"இன்னைக்குக் கண்ணுக்குப் பின்னால ஆணி அடிக்கிறாங்க" என்பார் ராஜலிங்கம்.

"ஆணிதானே? எனக்குக் குடலை முறுக்கிக் கயிறு திரிக்கிறாங்க தம்பி" என்பார் வீரய்யா.

"ஒங்க ரெண்டு பேருக்கும் குனிய ஏலும்தானே? மசிக்கூடு கீழ விழுந்தா எனக்கு அது போன மாதிரிதான்" என்பார் முனாப் நானா. சொல்லிவிட்டுப் பாண் ரொட்டியைக் கோப்பியில் ஊறப்போட்டு ஈறாலேயே மெல்லுவார். பல்லெல்லாம் எப்போதோ அவரிடம் விடைபெற்றுப் போயிருந்தன.

நல்ல உவமை ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு வலியே பாதியாகக் குறைந்தது போலிருக்கும். மருந்து இல்லாத ஊரில் அதுதான் மருந்து.

சாமியின் புகழ் மரத்தடிக்கும் எட்டியது. ராஜலிங்கமும் வீரய்யாவும் மேடேறினார்கள். முனாப் நானாவின் முதுகு மட்டும் இடம் கொடுக்கவில்லை.

மேலே ஒரு ஓலைக் கொட்டகை. வந்தவர்கள் அங்கே முறைக்குக் காத்திருக்க வேண்டும். அங்கம்மா என்ற பெண்மணி எல்லோருக்கும் சிரட்டையில் சுடச்சுடக் கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். எல்லாம் புண்ணியத்துக்காம். ஊற்றும்போதே, "மொகமெல்லாம் வாடிப்போயிருக்கே, எங்க சாமி நோவுது?" என்று கேட்டாள். அவ்வளவு பாசமாகக் கேட்டால் யார் சொல்லமாட்டார்கள்? அவள் ரொம்ப உபசாரக்காரி. பானையை நிரப்ப அடிக்கடி உள்ளே போய்ப் போய் வந்தாள்.

முறை வந்தது. உள்ளே ஒரு திரைக்கு முன்னால் சாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ராஜலிங்கம் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன் மண்டைக்குள்ள கோப்பி குத்துறாங்க" என்றார் சாமி. "எடது பக்கம். ரெண்டு பொம்பளைங்க, மாத்தி மாத்திக் குத்துறாங்க."

ராஜலிங்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதேதான்! அப்படியே அதேதான்! கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டார். அடுத்துப் போன வீரய்யாவிடம் சாமி, "வயித்துக்குள்ள ஈரத்துணி பிழியறாங்க" என்றார். வீரய்யாவும் கும்பிட்டார், கம்பளியைக் கழற்றினார், வாயைப் பூட்டிக்கொண்டார்.

மரத்தடியில் பேச்சு நின்றுபோனது.

ராஜலிங்கத்தின் தலைவலி அந்த வாரமே திரும்பிவிட்டது. தூக்கத்தில் பேசியிருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். வீரய்யாவின் பாடுதான் பரிதாபம். கம்பளி இல்லாமல் நடுங்கினார், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். எழுதிக்கொண்டே இருக்கும்போது ஒரு கை மேசைக்கடியில் போய் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். "அண்ணே, வயிறு எப்படி?" என்று கேட்டால் விரலை உதட்டில் வைப்பார். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனார்.

"ஆசுபத்திரிக்காவது போங்கண்ணே" என்று ராஜலிங்கம் கெஞ்சினார்.

வீரய்யா பயந்து தலையை ஆட்டினார். "போனா டாக்டர் எங்க வலிக்குதுன்னு கேப்பாரே! சொல்லணுமே!" என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்னதே தப்போ என்று அன்றைக்கு முழுதும் வேறு எதுவும் பேசவில்லை.

இப்படியே விட்டால் மனுஷன் வாயை மூடிக்கொண்டே செத்துப்போவார் என்று ராஜலிங்கம் பயந்தார்.

வீரய்யா வராத ஒரு நாள் முனாப் நானா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். "தம்பி, பேச ஆளில்லாம என்ட முதுகு ரெண்டு மடங்கா நோவுது. அந்தச் சாமி ஒங்களுக்கு என்னதான் செல்லினாரு?"

சொல்லக்கூடாதுதான். ஆனால் எழுதுகிறவனுக்கு நல்ல வசனம் ஒன்று வாயில் இருந்தால் எப்படி அடக்குவது? "மண்டைக்குள்ள கோப்பி குத்துறாங்க, ரெண்டு பொம்பளைங்க மாத்தி மாத்தின்னாரு" என்று ராஜலிங்கம் பெருமையோடு சொன்னார்.

"மாஷா அல்லாஹ்! நல்ல வசனம். யாருட?"

"என்னோடதுதான் நானா! மேடேறும்போது எனக்கே தோணிச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது.

"ஒங்கட வசனம் அவருட வாய்க்கு எப்படிப் போச்சு?" என்றார் முனாப் நானா. "ஞானக்கண்ணுல தலைவலி தெரியும்னே வச்சுக்குவோம். கோப்பி குத்துற பொம்பளைங்களுமா தெரிவாங்க? யாருகிட்டயாவது செல்லினீங்களா?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல நானா. சத்தியமா!" ராஜலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "அந்த அங்கம்மாகிட்ட மட்டும் சும்மா பேசிக்கிட்டிருந்தேன்."

"சும்மாவா?"

பாவம், பொய் சொல்லவில்லை அவர். மரத்தடியில் வலியைப் பற்றிப் பேசிப் பேசி, அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகியிருந்தது. மூச்சு விட்டதை யாராவது 'சொன்னேன்' என்று கணக்கில் வைப்பார்களா? கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் இப்படித்தான். அங்கம்மாவிடம் கொட்டித் தீர்த்துவிட்டு, நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.

ராஜலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பளியை எடுத்ததுகூடப் பரவாயில்லை. என் வசனத்தைத் திருடி எனக்கே விற்றானே!

வீரய்யாவிடம் சொன்னால் நம்பவில்லை, காதைப் பொத்திக்கொண்டார். சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று, "நானாவைப் பிடிச்சு ஏத்த ஒரு ஆள் வேணும்" என்று சாக்குச் சொல்லி அவரையும் மேட்டுக்குக் கூட்டிப்போனார். முனாப் நானா பத்தடிக்கு ஒரு தரம் நின்று, "யா அல்லாஹ், இந்த மேட்டுக்கே ஒரு பெட்டிசம் எழுதணும்" என்று முனகிக்கொண்டே ஏறினார்.

கொட்டகைக்கு வெளியே நானாவின் தாடையைத் தலையோடு சேர்த்து ஒரு துணியால் ராஜலிங்கம் கட்டினார். அங்கம்மா சிரட்டையோடு வந்தாள்.

"ஐயோ, இவருக்கு என்ன சாமி?"

"வாயத் தொறக்க முடியலம்மா" என்றார் ராஜலிங்கம். "கடைவாய்ப் பல்லுக்குள்ள எலி கோப்பிப் பழம் கொறிக்கிற மாதிரி இருக்குதாம்."

பல்வலிக்காரனுக்குக் கன்னம் வீங்குமே, இவருக்கு ஏன் குழி விழுந்திருக்கிறது என்று அங்கம்மா யோசிக்கவில்லை. யோசிப்பது அந்தக் கொட்டகையில் வழக்கமில்லை. "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முறை வந்ததும் ராஜலிங்கம் துணியை அவிழ்த்தார். நானா உதட்டை இறுக மூடிக்கொண்டு சாமிக்கு முன்னால் உட்கார்ந்தார். வாசலில் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. வீரய்யா ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி முன்னால் நின்றார்.

சாமி கண்ணை மூடினார். உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"கடைவாய்ப் பல்லு! உள்ள எலி பூந்து கோப்பிப் பழத்தைக் கொறிக்குது!"

"ஆஹா!" என்றது கூட்டம்.

முனாப் நானா மெதுவாகத் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து "ஆ" என்று வாயைத் திறந்தார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பிறந்த குழந்தையின் வாய்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

"எலிக்கு நல்ல பசி போலிருக்கு" என்றார் ராஜலிங்கம். "பல்லையும் சேத்துத் தின்னுடுச்சு."

சாமியும் லேசுப்பட்டவரா? ஒரு நொடி விழித்தார், அவ்வளவுதான். "அது... அது போன ஜென்மத்துப் பல்லு!" என்று கர்ஜித்தார்.

"எங்களுக்குப் போன ஜென்மமே இல்லீங்களே" என்றார் முனாப் நானா, மிகவும் பணிவாக.

முதலில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ராஜலிங்கம் அங்கம்மாவின் பானையை எட்டிப் பார்த்தார். விளிம்பு வரை தண்ணீர் தளும்பியது. "நெறஞ்ச பானையை நெரப்பத்தானா இத்தனை தரம் உள்ள போனீங்க?" என்று திரையைப் பிடித்து இழுத்தார். பின்னால் அடுப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை; சந்தைக்கு அனுப்பக் கட்டுக் கட்டாகக் கம்பளிகள்! அத்தனை வலியும் இறங்கிய கம்பளிகள். அவற்றின் மேலே சாய்ந்து தூங்கிய பள்ளம்கூட அப்படியே இருந்தது. ஊரார் வலியெல்லாம் சாமிக்கு மட்டும் மெத்தையாக இருந்திருக்கிறது!

"அப்ப என் முட்டிவலி?" என்றாள் நல்லம்மா என்ற தோட்டத்துப் பெண். "ஐயையோ, நானும் இந்த அக்காகிட்டச் சொன்னேனே!"

"நானுந்தான் சொன்னேன்!"

"நான் ரெண்டு தரம் சொன்னேன்!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாமி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவசரமாக வெளியே போக வேண்டும் என்றார்.

"இருங்க சாமி, எங்க நோவுதுன்னு நாங்களே சொல்றோம்" என்று நல்லம்மா வழியை மறித்தாள்.

வீரய்யா கட்டுக்களைக் கிளறித் தன் கம்பளியைக் கண்டுபிடித்தார். கிழிந்த மூலையை வைத்து அடையாளம் தெரிந்தது. அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வலிக்குது தம்பி" என்றார். "ரொம்ப வலிக்குது. ராத்திரியெல்லாம் வாயில துணியை வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

ராஜலிங்கமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லுங்கண்ணே" என்றார். "எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னார். மேடு இறங்கும் வரை சொன்னார், ஆசுபத்திரி வாசல் வரை சொன்னார். டாக்டர் எங்கே வலி என்று கேட்டதும் புதிதாக ஆரம்பித்தார். கடைசியில் டாக்டரே கையெடுத்துக் கும்பிட்டு, போதும் என்றாராம். குடலில் புண். முழுசாகப் போகாது, கஞ்சியும் மருந்துமாக அடக்கி வைக்கலாம் என்றார்கள். வீரய்யா பழையபடி மேசைக்கு வந்தார். ராஜலிங்கத்தின் மண்டையில் இன்றைக்கும் கோப்பி குத்துகிறார்கள். முனாப் நானாவின் மசிக்கூடு இன்றைக்கும் கீழே விழுந்தால் விழுந்ததுதான். மரத்தடியில் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் எங்கேயாவது நோகத்தான் செய்யும். தாராளமாகப் பேசுங்கள், முனகுங்கள், நல்ல உவமையாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் சொல்லாமலே எல்லாம் அறிந்தவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்தால், வாசலில் உங்களுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றியது யார் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். தலை வலிக்கும்தான். அதற்காகத் தலையையும் கம்பளியோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.