டிரம்காரர்

உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்களில் ஒரு ரகம் உண்டு. எதையும் வீசமாட்டார், பிறரை வீச விடவும் மாட்டார். சேர்ப்பார். சேர்ப்பதோடு சரி.

அப்படி ஒருவர், கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டின் பின்பக்கம் கிணற்றை ஒட்டி ஒரு பழைய இரும்பு டிரம்மை நிறுத்தினார். அன்று முதல் தெருவுக்கு அவர் டிரம்காரர். வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை எவனாவது சாக்கடையில் ஊற்றப் போனால் போதும், பனியனோடு ஓடிவந்து மறிப்பார்.

"தம்பி, நில்லு. ஒரு லிட்டர் ஆயில் ஒரு குளத்தையே காலி பண்ணிடும். சுத்தம் பண்ணினா அது மறுபடியும் ஆயில். கொண்டா இங்க."

சொன்னதில் பொய் உண்டா? கிடையாது. இந்த ரகத்தின் பேச்சில் குறை கண்டுபிடிக்கவே முடியாது.

வண்டி ஆயில் வந்தது. பொரித்துப் பொரித்துக் கறுத்த சமையல் எண்ணெய் வந்தது. பெயிண்ட் பிரஷ் கழுவிய தின்னர் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கார் ரேடியேட்டர் தண்ணீரையே கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் அவள் மனசு நோகாதா? எல்லாம் ஒரே டிரம்முக்குள் இறங்கின. கேனுக்கு ஒரு போட்டோ. கொண்டுவந்தவருக்கு "நீங்க இயற்கையோட பிள்ளை" என்று ஒரு பட்டம்.

மனைவிக்கு மட்டும் பட்டம் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மழைக்கு முன்னாடி இதை அனுப்பிடுவீங்களா? குடிக்கிற கிணறுங்க."

"நிறையட்டும்மா. அரை டிரம்முக்கு லாரியைக் கூப்பிட்டா, அது விடுற புகைக்கு யார் பொறுப்பு?"



ஒருவழியாக டிரம் நிறைந்தது. மறுசுழற்சி லாரி வந்தது. வழியனுப்பு விழாவுக்கு நாற்காலி, மைக், கூட்டம் எல்லாம் தயார். லாரிக்காரர் ஒரு குழாயை உள்ளே விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் கலந்து வச்சிருக்கீங்களே சார். இதைச் சுத்தம் பண்ண முடியாது."

"நல்ல எண்ணத்துல கலந்ததுப்பா."

"மெஷினுக்கு எண்ணம் தெரியாது சார்."

லாரி போய்விட்டது. வந்த கூட்டத்தை வீணாக்கலாமா? மறுசுழற்சிக்காரர்களின் அலட்சியத்தைப் பற்றி டிரம்காரர் தொண்டை கட்டும்வரை பேசினார். டிரம் நின்ற இடத்திலேயே நின்றது. மழை பிடித்துக்கொண்டது. அடித்தகடு துருவேறிப் பொத்தல் விழுந்தது அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் மேல்பக்கம், கேன் வருகிற பக்கம்.

ஒரு காலையில் மனைவி கிணற்றில் இறைத்த வாளியை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர்மேல் பல நிறத்தில் ஒரு மினுமினுப்பு படர்ந்திருந்தது. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"பாத்தியா? இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கிறேன். இந்தத் தெருவுல இன்னும் எவனோ கண்ட இடத்துல ஊத்திக்கிட்டு இருக்கான்."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் குழாய்க்கு நடந்தாள். அவர் வாளியைப் போட்டோ எடுத்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் அடுப்படி மூலையிலும் ஒரு பழைய எண்ணெய் டப்பா இருக்கிறதே, என்றைக்கோ யாரிடமோ கொடுப்பதற்காக. எழுந்துபோய் அதன் அடியை ஒருமுறை தடவிப் பாருங்கள். விரல் காய்ந்திருந்தால் வந்து மிச்சத்தைச் சிரிக்கலாம்.