பூட்டண்ணையும் மூண்டு சில்லும்

இந்தத் தீவில் பூட்டு விற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து யாருக்காவது சிலை வைப்பதென்றால், அதை எங்கள் பூட்டண்ணைக்குத்தான் வைக்கவேண்டும். வைத்தாலும், அந்தச் சிலையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, வேலிக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டுத்தான் மனுசன் திறப்பு விழாவுக்கு வருவார். வந்த பிறகுதான் பூட்டின் திறப்பை, அந்தச் சாவியை, வீட்டில் விட்டுவிட்டு வந்தது தெரியவரும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சாறிக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கந்தோர் இருந்தது. கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்கிற கம்பனி. கம்பனி என்றால் மூன்று பேர். முதலாளி பூட்டண்ணை. புரோகிராம் எழுதுகிறவன் சமில் என்ற சிங்களப் பொடியன். எங்களோடு இருந்து இருந்து தமிழும் கதைப்பான். வசனம் எழுதவும் குரல் கொடுக்கவும் நான். பூட்டண்ணைக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்ததுதான். அதை வங்கிக்காரரைத் தவிர வேறு யாரும் பாவித்து நான் கேட்டதில்லை.

இடுப்பில் ஒரு பெரிய திறப்புக் கோர்வை தொங்கும். அதன் பாரத்தில் அவருடைய காற்சட்டை எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். அவர் படியேறும் சத்தம் கோயில் மாடு வருகிற மாதிரிக் கேட்கும். அது எங்களுக்கு வசதி. சத்தம் கேட்டதும் சமில் கிரிக்கெட் பார்ப்பதை மூடுவான். நான் போனை வைப்பேன். அவர் உள்ளே வரும்போது கந்தோரில் மும்முரமாக வேலை நடந்துகொண்டிருக்கும்.

பிரிட்ஜுக்குப் பூட்டு. சீனிப் பேணிக்குப் பூட்டு. கோயிலுக்குப் போனால் செருப்பு இரண்டையும் சைக்கிள் சங்கிலியால் கட்டி, மதிற் கம்பியோடு பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். ஒருநாள் பூசை முடிந்து வெளியில் வந்து பார்த்தால் திறப்பைக் காணவில்லை. மனுசன் கொதிக்கிற காலி வீதியில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்து வந்தார்.

"செருப்பு எங்கை அண்ணை?" என்றேன்.

"பத்திரமா இருக்குது பிள்ளை," என்றார், பெருமையாக.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. இளந்தாரியாக இருந்த காலத்தில் அவர் கொம்பியூட்டரில் அடிப்பதற்கு அழகான தமிழ் எழுத்துரு ஒன்று செய்தார். அதை ஊரெல்லாம் பிரதி எடுத்தது. கடைப் பெயர்ப்பலகை, கோயில் நோட்டிஸ், செத்தவீட்டு அந்தியேட்டி அழைப்பு எல்லாமே அவருடைய எழுத்து. ஒருவரும் ஒரு சதம் கொடுக்கவில்லை. அவர் கலியாணம் கட்டும்போது பெண் வீட்டார் கொண்டுவந்து நீட்டிய கலியாணக் கார்டும் அதே எழுத்தில், அதே களவுப் பிரதியில் அடித்திருந்தது. "அச்சகக்காரர் சொன்னவர், இது ஆரோ செத்துப்போன ஒராள் செய்த எழுத்தாம், நல்ல வடிவு எண்டு" என்று மாமனார் சொன்னாராம். மாப்பிள்ளை தேத்தண்ணியைக் குடித்து முடித்தாராம். அன்றைக்குத் தொடங்கியதுதான் பூட்டு.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். பெயர் 'மூண்டு சில்லு', ஓட்டோவின் மூன்று சக்கரம். நீங்கள் ஓட்டோக்காரர். வெள்ளவத்தையில் ஓர் அன்ரி, சாறி கட்டிய வயதான மனுசி, ஏறுவா. அவவைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அன்ரி பேரம் பேசுவா, வழி சொல்லுவா, சொன்ன வழி பிழை என்று உங்களையே ஏசுவா, இடையில் மீன் வாங்க இறங்குவா. அந்த அன்ரியின் குரல் என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு மேல் உயிரைக் கொடுத்து வேலை செய்தோம். பூட்டண்ணை காரை விற்றுத்தான் கந்தோரை நடத்தினார். கனடாவில் இருந்த தமையன் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, "உதை மூடிப்போட்டு வா, உனக்கு இங்கை வீடு பாத்து வைச்சிருக்கிறன்" என்பார். இந்த விளையாட்டு விலைபோகாவிட்டால் வருஷ முடிவில் கந்தோரை மூடிவிட்டுப் போவதென்று பூட்டண்ணையும் வாக்குக் கொடுத்துவிட்டார். சமிலுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. எனக்கும் வேறு வேலை கிடையாது.

விளையாட்டு முடிந்ததும் பூட்டண்ணை பூட்டத் தொடங்கினார். பெட்டியில் ஒரு நீளமான இலக்கம். அதை அடித்தால்தான் திறக்கும். அது போதாதென்று எந்நேரமும் இன்ரநெற் இருக்கவேண்டும். ஓட்டோ ஒவ்வொரு சிக்னலில் நிற்கும்போதும் விளையாட்டு எங்கள் கந்தோருக்கு வந்து, "இவர் காசு குடுத்தவரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பச்சை விளக்குப் போடும். பதில் கிடைக்காவிட்டால் அன்ரி எழும்பி நின்று, "டேய் கள்ளா, காசு குடுக்காமலோ ஓட்டோ ஓடுறாய்? இறங்கடா கீழை" என்பா. அதையும் நான்தான் பேசினேன். பூட்டண்ணை திருப்திப்படும்வரை திரும்பத் திரும்பப் பேசவைத்தார். "இன்னும் கோவம் வேணும் பிள்ளை. அவன் நடுங்கவேணும்."

"எப்பா அய்யே," என்றான் சமில். வேண்டாம் அண்ணா என்று அர்த்தம். அவர் கேட்கவில்லை.

நாங்கள் விளையாட்டைக் கடைக்கு விட்டது நாட்டில் பெற்றோல் இல்லாத காலம். உண்மையான ஓட்டோ எல்லாம் வரிசையில் நிற்க, பெற்றோல் இல்லாமல் ஓடுகிற ஓட்டோ என்று சனம் சிரித்துச் சிரித்து வாங்கியது. ஒரே ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்கவில்லை. அதே காலத்தில் ஒவ்வொரு நாளும் கரண்ட் வெட்டும் நடந்தது. 'இவர் காசு கொடுத்தவரோ' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கொம்பியூட்டர் எங்கள் மேசைக்குக் கீழே இருந்தது. வெள்ளவத்தையில் கரண்ட் போனால் வத்தளையில் ஓட்டோ நின்றது. வவுனியாவில் நின்றது. காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேரையும் அன்ரி எழும்பி நின்று கள்ளன் என்றா.

போனுக்குப் பதில் சொல்லுவதும் என் வேலைதான். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் எடுத்தார்.

"பிள்ளை, நான் கோட்டிலை எத்தினையோ கள்ளரைப் பாத்தனான். இண்டைக்கு என்ர வீட்டு ஹோலுக்குள்ள, மருமகனுக்கு முன்னால, ஒரு பொம்பிளை என்னைக் கள்ளன் எண்டு சொல்லுறாள். ஆர் அந்தப் பொம்பிளை?"

நான் குரலை மாற்றி, மூக்கால் பேசினேன். "தெரியாது ஐயா. விசாரிச்சுச் சொல்லுறன்."

பிறகு திடீரென்று போன்கள் குறைந்தன. பூட்டண்ணை, "பாத்தியளோ, எல்லாம் சரிவந்திட்டுது" என்றார். விற்பனையும் குறைந்துவிட்டதை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. சமில் இன்னொன்றைச் சொன்னான். வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் நிஸ்தார் நானாவின் போன் கடையில், வாசலில் ஒரு மட்டை தொங்குதாம்: 'பூட்டு இல்லாத மூண்டு சில்லு இங்கே கிடைக்கும்.'

பூட்டண்ணை தொப்பி போட்டார். கொரோனாக் காலத்து மாஸ்க் கட்டினார். கறுப்புக் கண்ணாடியும் போட்டார். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துப் பொலிசில் கொடுப்பதென்று என்னையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திறப்புக் கோர்வையைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. மாறுவேஷம் கிலுங் கிலுங்கென்று கடைக்குள் ஏறியது.

நிஸ்தார் நானா கொம்பனித்தெரு ஆள். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம். "என்ன வேணும் சேர்?"

"மூண்டு சில்லு," என்றார் பூட்டண்ணை, மாஸ்குக்குள்ளால்.

"ஒரிஜினல் வேணுமா, ஓடுறது வேணுமா?"

என் வாழ்க்கையில் இப்படி ஒரு அடியை ஒரு மனுசன் வாங்கியதை நான் கண்டதில்லை. பூட்டண்ணையின் கை இடுப்புத் திறப்புக் கோர்வைக்குப் போனது. நான்தான் கேட்டேன், "ஏன் நானா, ஒரிஜினல் ஓடாதோ?"

"செல்றேன் மிஸ். நான் மொதல்ல ஒரிஜினல்தான் வித்த. மகளுக்கும் ஒண்டு கொண்டு போய்க் குடுத்த. புள்ள ஆசையா விளையாடிட்டு ஈக்கக்குள்ள ஒரு பொம்புள எழும்பிக் கள்ளன்டு ஏசிட்டா. புள்ள ஒரே அழுகை. 'வாப்பா, நாங்க களவெடுத்ததா?' எண்டு கேக்குறா. வாங்கின ஆக்களும் திருப்பிக் கொண்டாந்து ஏசுறாங்க. பொறகுதான் தெமட்டகொடையில ஒரு பொடியன் பூட்டைக் கழட்டிக் குடுத்தான்." இரண்டு கையையும் விரித்தார். "செஞ்ச மனுஷன் மூளைக்காரன் மிஸ். நல்ல சாமான். ஆனா ஆக்கள உள்ளுக்கு எடுக்கப் பயப்படுறாரு."

பூட்டண்ணை ஓடுகிறது ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். தன்னுடைய விளையாட்டின் களவுப் பிரதியைத் தானே வாங்கிய முதலாளி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கந்தோருக்கு வந்து அதைப் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றோம். ஓட்டோ கிளம்பியது. பம்பலப்பிட்டிச் சிக்னலில் நின்றது, பச்சை விழுந்தது, போனது. மனுசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்ரி மீன்காரனோடு பேரம் பேசிய இடத்தில் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூட்டுப் போட்ட நாளிலிருந்து, காசு கொடுத்து வாங்காத முதலாளியையும் அன்ரி இறக்கிவிட்டதில், அவராலேயே பம்பலப்பிட்டியைத் தாண்ட முடியாமல் இருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொட்டாஞ்சேனையில் கலியாண வீட்டு மேளச் சத்தம் கேட்டு, அன்ரி இறங்கி, "தம்பி, நல்லா இருப்பாய்" என்று சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சமில், இது எங்கட விளையாட்டோ?"

"ஓம் அய்யே. பூட்டு மட்டும் இல்ல."

"நல்லா இருக்கே."

"நல்லம்தான். கள்ளன் உடைச்சிட்டு உள்ள போறான் அய்யே. சல்லி குடுத்த மனுஷன் வெளியில நிக்கிறான்."

பூட்டண்ணைக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. "பூட்டில்லாட்டி எல்லாரும் சும்மா எடுத்துக்கொண்டு போயிடுவாங்கள். எழுத்துருவுக்கு நடந்தது தெரியும்தானே."

"அண்ணை," என்றேன், "அந்த எழுத்துருவைக் காசு குடுத்து வாங்கவேணுமெண்டால் எங்கை வாங்கலாம்?"

"என்ர வீட்டை வந்தால் குடுப்பன்."

"சும்மா வந்தால் குடுப்பியளோ?"

"அடையாள அட்டை காட்டவேணும். ஒரு உறுதிமொழியிலை கையெழுத்தும் வைக்கவேணும்." சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. கடல் பக்கத்து யன்னலுக்குத் திரும்பினார். "ஒருத்தரும் வரேல்லை," என்றார். பிறகு, "கழட்டு சமில்" என்றார்.

சமில் ஒவ்வொரு பூட்டாக எடுக்க, பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர்போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அன்ரியின் கள்ளன் வசனத்தை அழித்துவிட்டு, முடிவில் சேர்க்கப் புதிதாக ஒன்றைத் தானே சொல்லித்தந்தார்: "தம்பி, இவ்வளவு தூரம் என்னைக் கொண்டுவந்து சேர்த்திட்டாய். விளையாட்டுக்குக் காசு குடுத்தனீயோ? குடுக்காட்டிப் பரவாயில்லை. கையிலை இருக்கிற நேரம் குடு." இந்தமுறை கோபம் வேண்டாம் என்றார்.

பிறகு தொப்பியும் மாஸ்க்கும் இல்லாமல் நிஸ்தார் நானாவிடம் போனார். "நான்தான் அதைச் செய்தவன்." நானா மேசையில் இருந்த களவுப் பிரதிகளைக் கையால் மறைக்கப் பார்த்தார். பூட்டண்ணை புதுப் பெட்டிகளை மேசையில் அடுக்கினார். "இதிலை பூட்டில்லை. இனி இதை வில்லுங்கோ. மகளுக்கு ஒண்டு என்ர பேரிலை குடுங்கோ. பிள்ளை களவெடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

நானா கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினார். வாசல் மட்டையைக் கழற்றித் திருப்பி எழுதினார்: 'ஓடும் ஒரிஜினல்.'

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் மெதுவாகச் சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை நானா போன் எடுத்தார், "சேர், பெட்டி முடிஞ்சி." மத்தியானம் திரும்ப எடுத்தார், "சேர், அதுவும் முடிஞ்சி." திங்கட்கிழமை கொட்டாஞ்சேனைச் சட்டத்தரணி மருமகனையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்து, தனக்கு ஒன்றும் ஊரிலுள்ள பேரப்பிள்ளைகளுக்கு மிச்சமும் என்று அள்ளிக்கொண்டு போனார். கூச்சத்தோடு படியேறி வந்தார்கள் சில பேர். அவர்களில் ஒரு பல்கலைக்கழகப் பொடியன் தலையைச் சொறிந்தபடி சொன்னதை மறக்க முடியாது: "நான் களவாத்தான் விளையாடி முடிச்சனான். அன்ரி கேட்டவ. அதுதான் குடுக்க வந்தனான்." பூட்டண்ணை அவனுக்கு பிரிட்ஜைத் திறந்து குளிர்ந்த சோடா எடுத்துக் கொடுத்தார். நானும் சமிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கே அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

எல்லாரும் காசு கொடுத்தார்கள் என்று நான் கதை விடமாட்டேன். சும்மா எடுத்தவர்களும் எவ்வளவோ பேர். பூட்டண்ணைக்கு அது தெரியும். "எடுக்கிறவன் பூட்டிருந்தாலும் எடுப்பான் பிள்ளை," என்றார் ஒருநாள். "குடுக்க வாறவனை நாங்கள் ஏன் மறிக்கவேணும்?" அடுத்த விளையாட்டுக்கு ஆட்கள் எடுத்தோம். கீழே சாறிக் கடைக்காரர் தன் பின்னறையையும் எங்களுக்கு விட்டார். ஞாயிற்றுக்கிழமை தமையன் எடுத்து, ரொறன்ரோவில் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 'மூண்டு சில்லு' அனுப்ப முடியுமோ என்று கேட்டார். அனுப்பலாம் என்ற பூட்டண்ணை, "அந்த வீட்டை வாடகைக்கு விடு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான் இப்போது அங்கே வேலை செய்வதில்லை. ஆனால் பின்னேரம் பஸ் எடுப்பது நானா கடைக்கு எதிரில்தான். கடை வாசலில் விளையாடிப் பார்க்க ஒரு கொம்பியூட்டர் வைத்திருக்கிறார்கள். எப்போதும் நாலைந்து பேர் அதைச் சுற்றி நிற்பார்கள். பூட்டண்ணை ஏதோ வாங்க வந்தவர்போல் அவர்களுக்குப் பின்னால் வந்து நிற்பார். தான் யாரென்று சொல்லமாட்டார். அன்ரி வாயைத் திறக்க முதலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பிறகு மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்துக்காக நான் எத்தனையோ பஸ்ஸைப் போகவிட்டிருக்கிறேன்.